மௌனத்தைத் தவிர்

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
வாசலில் காரின் மூக்கிலிருந்து மின்வயர் தொங்குகிறது.
உள்ளே எனக்கு ஒரு பிளேயர் வேண்டும்.

பழைய லேப்டொப்பில் லினக்ஸ் போட்டுத் தந்தவன்
கீழ்வீட்டு அபிஷயன்.
"எல்லாம் இலவசம் அன்ரி,
ஆனா நீங்கள்தான் தெரிவு செய்யோணும்."
கடையில் ஒரே வகைக் கத்தரிக்காய் கிடந்தால்
வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.
இங்கே பதினேழு.

எனக்குத் தேவை கொஞ்சம்தான்.
மூன்று விநாடி பின்னே போகவேண்டும்.
வேகத்தைக் குறைத்தால்
ஆள் குடித்தவர் மாதிரிப் பேசக்கூடாது.
வக்கீல் கொவல்சுக் பக்கத்துக்கு இவ்வளவென்று தரும் காசில்
ஹீட்டர் பில்லும் அடங்கவேண்டும்,
அது பிளேயரின் வேலையில்லை.

முதலில் இறக்கியது அழகான சாமான்.
சாட்சியின் பதிவைத் திறந்ததும்
அறியப்படாத கலைஞர் என்று எழுதியது.
அறியப்படாத ஆல்பம்.
அட்டைப்படம் தேடவா?
பாடல் வரிகள்?
வேண்டாம், அதைத்தானே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று எனக்குச் சொல்லாமல்
கோப்புகளைக் கலைத்துப் போட்டது:
"இல்லை, அவர் திரும்பி வரவில்லை"
முதலில் வந்தது.
"கணவர் எத்தனை மணிக்கு வெளியே போனார்?"
என் தேத்தண்ணி ஆறிய பிறகு.

கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாய் ஓடுவது
அபிஷயனுக்குப் பிடித்தது,
என் விரல்களுக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவதை வைத்துக்கொண்டேன்.
வேலை கடகடவென்று ஓடியது.
நாற்பத்திரண்டு நிமிடப் பதிவு
முப்பத்தொன்றில் தீர்ந்தது.
கெட்டிக்காரச் சாமான் என்று
அபிஷயனுக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தனுப்பினேன்.

பிரதியை அனுப்பப்போகும் நேரம் கணக்கு இடித்தது.
மிச்சப் பதினொரு நிமிடம் எங்கே?

யாரோ நல்ல மனதோடு தமிழாக்கிய மெனுவில்,
மூன்று கதவு தள்ளி உள்ளே,
சரி போட்ட ஒரு கட்டம்:
மௌனத்தைத் தவிர்.

சரியை எடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன்.

"அந்த முகாமில் உங்களுக்கு என்ன நடந்தது?"

தூரத்தில் ஒரு கதிரை நகர்கிறது.
யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள், மெதுவாக.
ரேடியேட்டர் முனகுவது
அங்கேயா என் அறையிலா தெரியவில்லை.
நான்கு நிமிடம் பத்து விநாடி.

"எனக்கு ஞாபகமில்லை."

என் பிரதியில் அந்தப் பதில்
கேள்வியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது,
பாடமாக்கி வந்தவள் சொன்னது மாதிரி.

தவிர் என்பதன் தலையில் ஒரு புள்ளி.
அதை அழித்துப் பார்த்தேன்.
மௌனத்தைத் தவிர
எல்லாம் தட்டியிருக்கிறேன்,
காற்புள்ளி பிசகாமல்.

பிளேயரை மாற்றவில்லை.
விடியும்வரை விநாடிகளை எண்ணி
அடைப்புக்குறிகளுக்குள் வைத்தேன்.

கொவல்சுக் பக்கக் கணக்கில் காசு தருபவர்.
நான்கு நிமிடம் பத்து விநாடி
அரை வரிகூட வரவில்லை.