கட்டுக்கு இருபத்தைந்து

முக்கூடலில் நான் பீடி சுற்றாத நாள்
ஞாயிறும் பெரிய வெள்ளியும்தான்.
இராத்திரி ஈரச்சாக்கில் கிடந்த இலையை
தகர அளவு வைத்து வெட்டி,
தூள் வைத்து உருட்டி, தலையை மடக்கி,
கழுத்தில் நூலை இரண்டு சுற்று.
நாளுக்கு எண்ணூறு கழுத்து.
கட்டுக்கு இருபத்தைந்து.
நான் போட்ட முடிச்சு செக்கர் கையிலும் அவிழ்ந்ததில்லை.

ஒரு சொல்லையும் அப்படித்தான்
பதினோரு வருஷம் கட்டி வைத்திருந்தேன்.

"போ, போய்த் தொலை."
ஐப்பசி, புதன்கிழமை, காலை ஏழரை.
மடியிலிருந்து சுளவை இறக்காமலே சொன்னேன்.
ஒன்பது மணிக்கு
ஆலங்குளம் விலக்கில் மணல் லாரி.
அருமைநாயகம் என்ற பேரை
அதற்குப் பிறகு என் வாய் சொல்லவில்லை.
வாய்க்குப் பயந்து வாழ்ந்தேன்.

விடுதலைக் கூட்டம் என்று
நோட்டீஸ் கண்ட இடமெல்லாம் போனேன்.
பாளையங்கோட்டையில் ஒருவர்
மைக்கைப் பிடித்தபடி என் நெற்றியைத் தள்ளினார்.
விழுந்தேன்.
எழுந்து சேலையை உதறிப் பார்த்தால்
மண் மட்டும் போயிருந்தது.

இன்னொருவர், நாக்கில் மரண ஆவி என்றார்.
எண்ணெய்ப் புட்டி நூற்றைம்பது ரூபாய்.
புட்டி அடி தெரியத் தெரியப்
பயம் விளிம்புக்கு ஏறும்.
இன்னொரு புட்டி வாங்குவேன்.

திருவிருந்து ஞாயிறுகளில்
மற்றவர்கள் முழங்கால் போடப் போகையில்
நான் வெளியே வந்துவிடுவேன்.
வேப்பமரத்தடியில் செருப்புகள், ஒரு நாய், நான்.
விதவைக்குத் தலைவலி என்று
சபையார் முடிவு செய்திருந்தார்கள்.

இந்த லெந்து நாட்களில்
என் நாத்தனார் எப்சிபாள் பாடம் வாசித்தாள்.
பெத்தானியாக் கல்லறை.
நாலு நாள் செத்தவன் நடந்து வருகிறான்,
கையும் காலும் சீலையில் சுற்றிக் கிடக்க.
கூப்பிட்டவர் கட்டைத் தொடவில்லை.
அவிழ்க்கிற வேலையைச்
சுற்றி நின்றவர்களிடம் விட்டுவிடுகிறார்.
அந்த இடத்தில் எப்சிபாளின் குரல் நின்றது.
கண்ணாடியைக் கழற்றினாள். இறங்கிவிட்டாள்.
மீதியை உபதேசியார் வாசித்து முடித்தார்.

சாயங்காலம் வந்தாள்.
"மைனி, அண்ணன் அன்னைக்கு
மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தான்.
ரெண்டாயிரம் கேட்டான். இருந்துச்சு.
இல்லன்னுட்டேன்.
குடுத்திருந்தா ஆலங்குளத்துக்கு ஏன் போறான்?
நான்தான் கொன்னேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.
என் பாவத்தைப் பிடுங்க வந்துவிட்டாளே என்று.

பிறகு என்னுடையதைச் சொன்னேன்.
சொல்லும்போது பல் கிடுகிடுத்தது.
அவள் ஒன்றுதான் கேட்டாள்:
"தொலைன்னதுக்கு அவன் என்ன சொன்னான்?"

தேடினேன்.
பதினோரு வருஷம் அதே காலையில் குடியிருந்தும்
அந்த மூலைக்கு நான் போனதே இல்லை.
வாசல். தூறல். செருப்பு மாட்டிக்கொண்டு
சிரித்தார்.
"தொலையப் போறவனுக்குக் குடை எதுக்கு?
சரி, மழையா இருக்கு, குடு" என்று
வாங்கிக்கொண்டு போனார்.
சிரித்துக்கொண்டுதான் போனார், எப்சிபா.

அவளும் நானும் அன்று ஜெபிக்கவில்லை.
என் கையைத் தன் மடியில் வைத்து
நகத்திலிருந்த தூளைச்
சேப்டி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு விரலாக, இருட்டும் வரை.
கூப்பிட்டவர் எப்போதோ கூப்பிட்டுவிட்டார்.
சீலைதான் மிச்சம் இருந்தது.

அடுத்த திருவிருந்துக்குச் சேர்ந்தே போனோம்.
தேய்த்தும் போகாத புகையிலைக் கறையோடு
கையை ஏந்தினேன்.
ஐயர் அப்பத்தை வைத்தார்.
ஒரு பீடி கனம்கூட இல்லை அது.

மிச்ச எண்ணெயைக் கதவுக் கீலில் விட்டேன்.
சத்தம் நின்றது.
அதற்கு நல்ல எண்ணெய்.

திங்கட்கிழமை மறுபடி எண்ணூறு கழுத்து.
சில இராத்திரிகளில் அந்தச் சொல்
பழக்க தோஷத்தில் வாசலுக்கு வரும்.
மழையாக இருக்கு,
குடையை எடுத்துக்கொண்டு போ என்பேன்.