சேர்ந்தது

ரீகாவில் இரவு இரண்டே கால்.
ஆறு கல்லாகி ஐந்து நாளாயிற்று.
எனக்குக் கீழே டிராம் தண்டவாளம்,
எனக்கு முன்னே மலாவி.

மலாவிக்கு எங்களிடம் நான்கு வழிகள்.
ஒன்று நேரே போகும்; விலை அதிகம்,
அடைமழையில் அதற்கு மூச்சு வாங்கும்.
இரண்டாவது துபாயைச் சுற்றிக்கொண்டு போகும்.
மூன்றாவது யார் யார் கைக்குப் போகிறதென்று
விற்றவருக்கே தெரியாது; கேட்டால் சிரிக்கிறார்.
நான்காவது மலிவு.
அவ்வளவு மலிவாக யாரும் எதையும் சுமப்பதில்லை.

நூறு செய்தி வந்தால்
அறுபதை மலிவுக்கு, முப்பதை நேர்வழிக்கு,
மிச்சத்தை மற்ற இருவருக்கும் என்று
பங்கு பிரிப்பது என் வேலை.
ஒருவர் திணறினால் அடுத்த தோளுக்கு மாற்றுவேன்,
பல்லக்கு குலுங்காமல்.
உள்ளே இருப்பது யாரென்று பார்க்க அனுமதியில்லை.
எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில்
நட்சத்திரக் குறிகள்.

என் மேலாளர் அர்விட்ஸுக்குக்
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
செலவு இறங்க வேண்டும், சேர்ந்த கணக்கு ஏற வேண்டும்.
இரண்டையும் கொடுத்தது நான்காவது வழி.
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
பச்சைக் கோடு,
யாருமே படுத்தெழாத விரிப்பைப்போல.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.
மனிதர்கள் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்,
ஏரியில் தவறவிடுகிறார்கள்,
காசு போடாமல் எண்ணையே இழக்கிறார்கள்.
நூற்றுக்குப் பத்துப் பேராவது
கிடைக்காமல் போனால்தான் அது ஊர்.

ரசீதுகளை விரித்தேன்.
நகரத்துக்கு நாலு நொடி,
மலைக்கு நாலு நொடி,
இடி விழுந்து கோபுரம் கருகிய செவ்வாய்க்கிழமையும்
அதே நாலு நொடி.

ம்சூசு நகரில் எங்கள் சோதனை போன்
தெம்வனானியிடம் இருக்கிறது.
பகலில் தண்ணீர்ப் பம்பு பழுது பார்ப்பவர்.
அவருக்கும் இதே நேரம்தான்,
கடிகாரம் ஒன்று, குளிர் வேறு.
எழுப்பினேன்.
"சிம்மைக் கழற்றி மேசைமேல் வையுங்கள்."
"கழற்றினால் செய்தி எப்படி வரும்?"
"வரக் கூடாது. அதற்குத்தான்."

ஒரே சொல்லை இரண்டு வழியிலும் விட்டேன்.
நேர்வழி, காத்திருக்கிறேன் என்றது.
நான்காவது, நாலே நொடியில்,
வாய் கூசாமல்,
சேர்ந்தது.

மேசைமேல் கிடக்கிற நகமளவுத் தகட்டுக்குச்
சேர்ந்ததாம்.

போன மாதம் அங்கே ஒரு மருத்துவமனையிலிருந்து
தொவேரா என்ற தாதி எழுதியிருந்தார்.
இரத்தம் வேண்டி முந்நூறு பேருக்கு அனுப்பினோம்,
எல்லோருக்கும் சேர்ந்ததென்று உங்கள் பட்டியல் சொல்கிறது,
வந்தவர்கள் பதினோரு பேர்,
எங்கள் ஊர் மனம் இப்படி வற்றிவிடும் என்று நினைக்கவில்லை.
பதில் போட்டவள் நான்தான்.
எங்கள் பக்கம் குறையேதும் இல்லை.

அறுபதை அழித்துச் சுழி போட்டேன்.
கோடு சரிந்தது.
எண்பத்தொன்பதுக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றது.
ஒரே இரவில் ஏன் விழுந்ததென்று
காலையில் அர்விட்ஸ் கேட்பார்.
விழவில்லை, இங்கேதான் இருந்தது என்பதற்கு
ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறேன்.
தொவேராவுக்கு இன்னொன்று.
அதன் முதல் சொல்லே வரவில்லை.

மூன்று மணிக்குத் தெம்வனானி சிம்மைத் திரும்பச் செருகினார்.
நாற்பது நிமிடம் வாசலில் நின்ற செய்தி
உள்ளே போனது.
"ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று?"
"கொஞ்சம் பாருங்கள்."

பார்த்தோம்.
அவர் கொட்டாவி விடுவது கேட்டது.
கீழே உப்புத் தூவும் வண்டி
தெரு முனைவரை போய்த் திரும்பியது.
"இன்னும் பார்க்கவா?" என்றார்.