ஏழாம் எண் இயந்திரம்

ஞாயிறு இரவு ஒன்பதரை.
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால், சுயசேவை டோபிக் கடை.
ஏழாம் எண் இயந்திரம் டோக்கனை விழுங்கும், தண்ணீர் விடாது.
தெரிந்தவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.
எங்கள் வீட்டு மிஷின் போன மாதம் செத்தது.
பார்க்க வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்,
அதற்கு நாற்பது வெள்ளி.

சுவரில் மூன்று மொழியில் எச்சரிக்கை:
காலணி, பூனைப் போர்வை, எண்ணெய்த் துணி போடாதீர்.
அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது கடன் ஸ்டிக்கர்.
ஐசி இருந்தால் போதுமாம், ஐந்தே நிமிடமாம்.
யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள்,
போன் நம்பரின் கடைசி நான்கு எண்களை மட்டும்.
மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

"டீச்சர்" என்கிறான் தர்வின்.
நான் டீச்சர் இல்லை, பள்ளி ஆபீஸ் கிராணி.
இருபது வருடமாகச் சொல்லி அலுத்துவிட்டது.
சாப்பாடு கொண்டுபோகும் ஜாக்கெட்டைத் துவைக்கிறான்.
ஜாக்கெட் அவனுடையது,
வேலை நண்பன் பெயரில்.
அவன் பிறப்புப் பத்திரத்தை நான்தான் கோப்பில் வைத்தேன்:
குடியுரிமை என்ற இடத்தில் ஒரு கோடு.
"கேஸ் என்னாச்சு?"
"போட்டிருக்கு டீச்சர். மூணாவது தடவ."
பேச்சு அங்கே நின்றுவிட்டது,
ட்ரையர் மட்டும் சுற்றியது.

அப்போதுதான் அந்த வங்காளதேசப் பையன்
ஏழாம் எண்ணில் டோக்கன் போட்டுவிட்டான்.
அவன் மலாயும் என் மலாயும் பாதி வழியில் சந்தித்தன.
என்னிடம் மிச்சமிருந்த டோக்கனைக் கொடுத்தேன்.
பெயர் ரஃபிகுல்.
செரோஜா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறான்.
எந்த லயம் என்று கேட்டேன், சும்மாதான்.
"பழைய லயம், காக். பதினேழாம் நம்பர்."

பதினேழில் இப்போது ஒன்பது பேர்.
குசினிக்குள்ளும் படுக்கிறார்கள்.
ஒரு கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றனவாம்,
பக்கத்தில் ஏதோ எழுத்து.
சாமி பெயர் என்று நினைத்து,
சாயம் அடித்தபோது அந்த ஒரு முழத்தை மட்டும்
விட்டுவிட்டானாம்.

சாமி இல்லை.
குணசீலன்.
ஒவ்வொரு தீபாவளிக்கும் என் தம்பி அந்த நிலையில் நிற்பான்,
குதிகாலைத் தூக்கிக்கொண்டு.
அப்பா தலையில் ஒரு தட்டுத் தட்டி
அமுக்கிப் பிடித்துக் கோடு போடுவார்.
பதினான்கில் நிறுத்திக்கொண்டான், வெட்கம்.
இருபத்தாறில் அழைத்துப் போனார்கள், விசாரணைக்கு.
மூன்றாம் நாள் போன் வந்தது.
ஆஸ்துமா என்று எழுதியிருந்தார்கள்.
அவனுக்கு ஆஸ்துமா கிடையாது.

இதை எந்த மலாயில் சொல்வது?
"ஆமாம்" என்றேன் ரஃபிகுலிடம்.
"சாமி மாதிரிதான்."
படம் எடுத்து அனுப்பட்டுமா என்றான்.
நம்பர் கொடுத்தேன்.
வீட்டுக்கு வந்து உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
இரண்டு முறை அதிர்ந்தது.
துணி மடித்தேன்.
ஒரு காலுறைக்கு ஜோடி இல்லை.

திங்கள் காலை, பள்ளியில் உயரம் எடுக்கும் நாள்.
மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள்,
பத்தரைக்குள் முடிந்துவிடும்.
நர்ஸ் வரவில்லை, நானே அளந்தேன்.
மூன்றாம் ஆண்டு துர்காஷினி,
தர்வினின் தங்கை,
அவள் பாரத்திலும் அதே கோடு.
சுவரோடு ஒட்டி நின்றாள்.
மூச்சை இழுத்தாள்.
பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
மெல்லக் குதிகாலைத் தூக்கினாள்.

தலையில் தட்டக் கை போனது.
எடுத்துக்கொண்டேன்.
நூற்று இருபத்தொன்று,
பேனாவில் எழுதினேன்.