சாவடிக்கு இந்தப் பக்கம்

வாளையாறில் வரிச்சாவடியை எடுத்து
வருஷங்கள் ஆகிவிட்டன.
மைல் கணக்கில் நின்ற லாரிகள்
இப்போது மூச்சு விடாமல் மலையாளத்துக்குள் இறங்குகின்றன.

எனக்குள் இருக்கும் சாவடியை யாரும் எடுக்கவில்லை.
கண்ணிலிருந்து சரக்கு நேரத்துக்குக் கிளம்பிவிடும்:
டம்ளர் அங்கே, கை இங்கே, நடுவில் ஒரு சாண்.
வழியில் யாரோ பில்லை வாங்கிப் புரட்டுகிறார்கள்,
முத்திரையைத் தேடுகிறார்கள்,
டீ குடிக்கப் போகிறார்கள்.
விரலுக்கு உத்தரவு வந்து சேரும்போது
டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருக்கும்.

நாற்பத்தொரு வயது.
க.க.சாவடியில் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கு.
பன்னிரண்டு வண்டியின் நம்பரும்
எந்த டிரைவர் எந்த வாரம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்பதும்
நோட்டைத் திறக்காமலே சொல்வேன்.
நோட்டில் எழுதினால்தான் வம்பு.
கொச்சிக்குப் போகவேண்டிய சிமெண்ட்
என் கையெழுத்தை நம்பி
கொல்லத்தில் போய் நின்றது ஒருமுறை.

இடது எது என்றால்
மணிக்கட்டு மச்சத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.
முழுக்கை ரவிக்கை போட்ட ஒரு நாள்
லாரி ரிவர்ஸ் எடுக்கையில்
தமிழில் ஒரு தப்பு, மலையாளத்தில் ஒரு தப்பு,
டீக்கடைப் பலகை போயிற்று.

மேஜை முனைக்கு என் இடுப்பு தெரியும்.
கதவு நிலைக்கு என் தோள் தெரியும்.
தொடையில் நீலம் பார்த்த நர்ஸ் ஒருத்தி
குரலைத் தாழ்த்தி, வீட்டில் அடிக்கிறாரா என்றாள்.
பாவம் சிவதாசன்,
கொசு அடிப்பதற்கே இரண்டு தரம் யோசிப்பவர்.

கை விளங்காதவ.
கண்ணைப் பொடனியில வெச்சிருக்கா.
இவளுக்கு எவர்சில்வர்தான் லாயக்கு.
இதையெல்லாம் நானே சொல்லக் கற்றுக்கொண்டேன்,
அடுத்தவர் சொல்லும் முன்னால், சிரித்தபடி.

ஹாசினிக்கு எட்டு வயதில் ஷூ லேஸ் வரவில்லை.
சோம்பேறி என்று டைரியில் சிவப்பு மை.
பாலக்காட்டில் மாடியில் ஒரு கிளினிக்,
சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினோம், இருவரும்.
நிமிஷா என்ற சின்னப் பெண் ஒரு தாளைத் தந்தாள்.

குழந்தை பொத்தான் போடச் சிரமப்படுகிறதா?
குழந்தை வெறுந்தரையில் தடுக்குகிறதா?
குழந்தை கூட்டாளிகள் விளையாடும்போது
ஓரமாக நின்று பார்க்கிறதா?

பாதியில் என் கண்
குழந்தை என்ற சொல்லைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்தது.
எல்லாவற்றுக்கும் டிக்.
டிக்கும் கட்டத்துக்கு வெளியே.

அவள் தாளைப் பார்த்தாள்,
நான் பேனா பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள்.
‘சேச்சிக்கும் இதுண்டல்லோ’ என்றாள்,
ஜலதோஷம் உண்டல்லோ என்பது மாதிரி.

டிஸ்பிராக்ஸியா.
சொல்லிப் பார்த்தேன்.
நாக்கும் தடுக்கியது.

சந்தோஷமா என்று சிவதாசன் போனில் கேட்டார்.
தெரியவில்லை.
டிரில் வரிசையைக் கெடுத்தேன் என்று
எட்டாம் வகுப்பில் ஒரு மத்தியானம் முழுக்க
கொடிக்கம்பத்தடியில் என்னை நிறுத்திய
ஸ்டெல்லா டீச்சர் போன வருஷம் இறந்துவிட்டார்.
அந்த வெயிலை யாரிடம் திருப்பித் தருவது?

பஸ் ஸ்டாண்டில்,
வாழ்க்கையில் முதல் தடவையாக,
‘அரை கிளாஸ் ஊத்துங்க, ரெண்டு தடவையா’ என்றேன்.
கடைக்காரர் ஏன் என்று கேட்கவேயில்லை.
எனக்கும் அரை, என்றாள் ஹாசினி.
இத்தனை சுலபமா?

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று
இரண்டு பேரும் படியில் நின்று யோசித்தோம்.
கண்டக்டர் விசில் ஊதினார்.
ஊதட்டும்.

ராத்திரி தண்ணீர்ச் சொம்பு சாய்ந்தது.
நானா அவளா, பார்க்கவில்லை.
ஆளுக்கொரு துணி எடுத்து
ஆளுக்கொரு மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்து
நடுவில்
மண்டையோடு மண்டை இடித்துக்கொண்டோம்.