பெட்ரோவ்

சாஸ்கட்டூன். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நான்காம் சுற்று, ஏழாம் பலகை.
ராஜாவின் முன்னிருந்த சிப்பாயைத் தள்ளினேன்,
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கும் தள்ளினார்.
குதிரையை எடுத்தேன்;
அவரும் குதிரை.
பெட்ரோவ் தற்காப்பு.
இப்படியே என்னைப் பார்த்து ஆடட்டும்,
ராணியைப் பிடுங்கிவிடலாம் என்றிருந்தேன்.
மனிதர் பிளாஸ்கைத் திருகி மூடினார்,
வேறொரு சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினார்.

நாலரை மணி நேரம்.
ஆளுக்கொரு யானை, மும்மூன்று சிப்பாய்.
டிராக்டர் கிரீஸ் போகாத நகங்களோடு
ஒரு கை நீண்டது:
"சமன்?"
பற்றிக்கொண்டேன்.

வெளியே அவர் வண்டி கிளம்பவில்லை.
என்னுடையதை மூக்கோடு மூக்காக நிறுத்தி
கேபிள் மாட்டினோம்.
"இருபத்தொன்பதாவதில் யானையைக் கொடுத்திருந்தால்
நீ ஜெயித்திருப்பாய்" என்றார்,
மீசையெல்லாம் உறைபனி.
"தெரியும்" என்றேன்.

தெரியாது.