மூன்றாம் தரம்

டொலீடோவில் பனி கொட்டுகிறது.
அடித்தள அறையில் ஹீட்டர் முனகுகிறது.
நான் விற்பது தந்திக் கம்பத்துக் கண்ணாடிக் குமிழ்கள்,
ரயில் பாதையோரம் அறுபது வருடம்
வெயிலில் நின்றவை.
கடல் பச்சை, புகை நீலம்,
எப்போதாவது ஒரு தேன் நிறம்.
கம்பியில் ஓடுவதை மரத்துக்குள் விடக்கூடாது,
அவ்வளவுதான் அவற்றுக்கு வேலை.

இந்த ஏலத்தில்
ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவ ஆளில்லை.
சுத்தியல் இல்லை.
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.
கேட்கிறவர் முகம் தெரியாது.
பெயர் மாதிரி ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண்:
இதுவரை எத்தனை பேர் அவரை நல்லவர் என்றார்கள்.
சிலருக்குப் பூஜ்யம்.
அது நேற்றுப் பிறந்த குழந்தையாக இருக்கலாம்,
ஊரை ஏமாற்றிவிட்டுப்
பெயர் மாற்றி வந்தவனாகவும் இருக்கலாம்.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு.
அறுபத்திரண்டு பேர்.
அவர்கள் கேட்டால் என் கடைக்குக் காது கேட்காது.

பக்கத்து வீட்டு வெர்லின், காபிக் கோப்பையோடு
படியில் உட்கார்ந்து கேட்டாள்:
காசு கொடுக்க வருகிறவனை
யாராவது வாசலில் நிறுத்துவார்களா?

சொன்னேன்.
நானூறு டாலருக்குக் கேட்ட ஒருவன்
ஏலம் முடிந்ததும் மலையேறிவிட்டான்.
பதினோரு கடிதம் போட்டேன்.
அடுத்ததாகக் கேட்டவர் அதற்குள்
வேறெங்கோ வாங்கிவிட்டார்.
இன்னொருவன் ஆயிரம் என்று கேட்டு,
எதிராளியின் மடியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு,
ஐயோ, ஒரு சைபர் கூடிப்போச்சு என்று
கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.
ஒருத்தி தேன் நிறத்தை வாங்கி
விரிசல் என்று திருப்பி அனுப்பினாள்.
திறந்து பார்த்தேன். விரிசல் இருந்தது.
குமிழ்தான் என்னுடையது இல்லை.

சூடு கண்ட பூனை, என்றாள் வெர்லின்.
அறுபத்திரண்டு சூடு, என்றேன்.
பட்டியலை எட்டிப் பார்த்து, சும்மாதான்,
விரலை ஒரு பெயரில் வைத்தாள்:
இவன் என்ன செய்தான்?
பதினேழாவது. ரஸ்டிஃபென்ஸ்44.
யோசித்தேன்.
காபி ஆறும்வரை யோசித்தேன்.

ஜனவரியில்
சஸ்காட்செவனில் யாரோ ஊதா நிறத்தை ஏலம் விட்டார்கள்.
ஒன்பது வருடமாக நான் தேடிய ஊதா.
தொகையை அடித்தேன், பொத்தானை அழுத்தினேன்.
சிவப்பில் ஒரு வரி:
இந்த விற்பனையாளர் உங்கள் கேள்வியை ஏற்பதில்லை.

இன்னொரு முறை அழுத்தினேன்.
பெயரைச் சரிபார்த்தேன், என் பெயரையே.
ஏன் என்று எழுதலாமென்றால் அந்தக் கதவும் சாத்தியிருந்தது.

பித்தப்பை அறுவைசிகிச்சையின்போது
யாருக்கோ ஆறு நாள் தாமதமாய்ப் பணம் அனுப்பினேனே,
அவர்தானா இவர்?
கூடுதலாய் மூன்று படம் கேட்டு நச்சரித்தேனா?
எல்லை தாண்டிப் பெட்டி அனுப்பி
எப்போதோ தொலைத்தவரா?
வெர்லினுக்குச் சொன்ன காரணங்களை எல்லாம்
ஒவ்வொன்றாய் எனக்குப் போட்டுப் பார்த்தேன்.
எதுவும் அளவாக இல்லை.
எல்லாமே நுழைந்தது.

ஊதா எண்பத்தைந்து டாலருக்குப் போனது.
எண்பத்தைந்து.
நான் முந்நூறு வைத்திருந்தேன்.

அன்றிரவு பதினேழாவது பெயரை நீக்கினேன்.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்.
ஞாபகம் வரவில்லை, அதுதான்.
மற்ற அறுபத்தொருவர் அப்படியே இருக்கிறார்கள்,
இருக்கட்டும்.

இன்றைக்கு வந்திருக்கிறான்.
சாதாரணப் பச்சை, ஓரம் கொஞ்சம் உடைந்தது.
ஒன்றரை டாலர்.
வேறு யாரும் கேட்கவில்லை.
இன்னும் நாலு நிமிடம்.
வெளியே சரக்கு ரயில் போகிறது,
அலமாரியில் குமிழ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன.
தடுக்கிற பொத்தான் மேல் என் விரல்,
சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை.
ஆளில்லாத அறையில் நானே கூவுகிறேன்:

ஒரு தரம்.
இரண்டு தரம்.