சான்றுப் பொருள் ஐந்து

லிஸ்பன் தொழில் நீதிமன்றம், மூன்றாவது மாடி.
லிஃப்ட் பழுது.
சுல்மிரா படியேறி வந்தாள்,
கையில் மளிகைக்கடைப் பை.
அவளுடைய கிரியோலை எடுத்துப்
போர்த்துகீசியத்தில் வைப்பது என் வேலை.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

எப்போது சேர்ந்தீர்கள் என்றார் கம்பெனி வக்கீல்.
"பதினான்காம் மேசைப் படத்துப் பையனுக்குப்
பல் விழுந்திருந்தபோது."
அப்படியே வைத்தேன்.
எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தினார்.
"இப்போது அதே மேசையில் வேறு படம்.
அவனுக்குத் தாடி."

வருஷத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

பதினேழு.

வக்கீல் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
மரியாதையாகத்தான் தாளை நீட்டினார்:
இந்தக் கட்டடத்தின் துப்புரவு ஒப்பந்தம்
மார்ச் ஒன்றில் எங்களுக்கு வந்தது.
முந்தைய கம்பெனிகளின் கணக்கு எங்களுடையதல்ல.
எங்கள் ஏட்டில் இந்த அம்மாளின் பணிக்காலம்
பதினோரு வாரம்.

பதினோரு வாரம்.
பிள்ளைக்குத் தலை நிற்கத் தொடங்கும் வயது.
நாலு நாற்பது பேருந்தில் ஏறி
இன்று காலையும் அதே ஆறு மாடியைத்
துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்,
அதே வாளியால்.
வாளியிடம் யாரும்
புதிதாகக் கையெழுத்துக் கேட்டதில்லை.

சம்பளச் சீட்டுகள்?
வீட்டில் தண்ணீர் புகுந்த வருஷம் கூழாகிவிட்டன.
நியமனக் கடிதம்?
தபாலில் வரும் என்றார்கள்.
அந்த மேசைக்காரர் வந்து சாட்சி சொல்வாரா?

"அவரை நான் பார்த்ததே இல்லை.
அவர் வருமுன் நான் வெளியேறிவிட வேண்டும்.
அதுதான் விதி."

பிறகு பையைக் கவிழ்த்தாள்.
மேசைமேல் பச்சைச் சட்டை ஒன்று,
பாக்கெட்டில் வெள்ளை நூலில் ஒரு கம்பெனி.
அதன்மேல் நீலம்.
அதன்மேல் ஆரஞ்சு. அதில் அவள் பெயர்
'சுல்மா' என்று தைத்திருந்தது.
திருத்தித் தருகிறோம் என்றார்களாம்,
அதற்குள் கம்பெனியே போய்விட்டது.
கடைசியாகச் சாம்பல்,
ப்ளீச் தின்ற கைகள் முழங்கை வரை வெளுத்து.
நீதிமன்ற அறையில்
மெல்ல எலுமிச்சைத் திரவ வாசனை எழுந்தது.

துணி ஆவணம் ஆகாது என்றார் வக்கீல்.
நீதிபதி ஆரஞ்சுச் சட்டையின் காலரைத் திருப்பி
உள்ளே தைத்திருந்த தேதியைக்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
எண் போடுங்கள் என்றார்.
எழுத்தர் சீட்டு ஒட்டினார்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவது எங்கே?

சுல்மிரா கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.
உள்ளே புத்தம் புதுச் சிவப்பு.

"இதைத் தர முடியாது.
இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட்.
தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்."

நான் கூட்டவில்லை. குறைக்கவில்லை.
என்றாலும் 'பிடிப்பார்கள்' என்ற இடத்தில்
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது,
அது என் தவறு.

ஐந்தாவதைப் புகைப்படம் எடுத்தார்கள்.
அவளை ஜன்னலோரம் நிற்க வைத்து,
முகம் வேண்டாம், பாக்கெட் மட்டும் போதும் என்று.

தீர்ப்பு அடுத்த மாதம் இருபதாம் தேதி.
நான் என் படிவத்தை நிரப்பினேன்:
பேசிய நேரம், ஐம்பது நிமிடம்.
நடைகூடத்தில் காத்திருந்த மூன்று மணி நேரத்துக்கு
அதில் கட்டமே இல்லை.
நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும்,
தாமதமானால் பாதிதான்.

இறங்கும்போது இரண்டாம் மாடிப் படி ஈரம்.
ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்.
வக்கீல் அதன்மேல் நடந்து போனார்,
பாதித் தூரம் போனபின் மன்னிப்புக் கேட்டார்.
நாங்கள் இருவரும் மேலேயே நின்றோம்.
அவள் நிமிர்ந்து
சிவப்புச் சட்டையைப் பார்த்தாள்.

"நீ எந்தக் கம்பெனி?"

"இப்போதா?" என்றாள் சுல்மிரா.

படி காய நேரமெடுத்தது.